அபி என்ற சொல்லுக்கு

அம்பாறை நகர மண்டபம். காலை ஒன்பதே கால்.
எனக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மைக்,
ஒரு போத்தல் தண்ணீர்.
காதில் சிங்களம் வரும், வாயில் தமிழ் போகும்.
பிறகு மாறி வரும்.
நாளுக்கு நாலாயிரம், பஸ் காசு தனி.

எட்டாம் வகுப்புத் துணைநூலில்
இடதுகரை வாய்க்காலுக்கு இரண்டு பக்கம்.
அதை எழுதத்தான் உகனயிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும்
நிந்தவூரிலிருந்தும் வந்திருக்கிறார்கள்:
வாத்திமார், தாய்மார், வட்டவிதானை ஒருவர்.

எங்கள் தொழிலில்
'அவர் சொல்கிறார்' என்பது கிடையாது.
யார் பேசினாலும் நான்தான் நான்.
பத்து மணிக்கு ரணவீர பேசினார்.
என் தம்பி காவலுக்குப் போனான், திரும்பவில்லை என்றேன்.
எனக்குத் தம்பியில்லை.
பேரின்பநாயகி டீச்சர் பேசினார்.
மகே புத்தா என்றேன்.
எனக்குக் கலியாணமே ஆகவில்லை.
ஆதம்பாவா ஹாஜியார்
வெட்டாமல் விட்டுவந்த வேளாண்மையைச் சொன்னார்.
மூன்று போகம் கழித்துப் போனால்
வரம்புகூட இல்லையாம்.
என் வயல், என் வரம்பு என்று
சிங்களத்தில் அழாமல் சொல்லி முடித்தேன்.
தேத்தண்ணி நேரம் யாரோ என் பெயர் கேட்டார்கள்.
கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

சிக்கல் அங்கே இல்லை.
சிக்கல் இந்தச் சின்னச் சொல்: அபி.
சிங்களத்துக்கு அது ஒன்றே போதும்.
தமிழுக்கு இரண்டு வேண்டும்.
உன்னையும் சேர்த்தால் நாம்,
உன்னை விட்டுவிட்டால் நாங்கள்.
கதவைத் திறக்காமலும் சாத்தாமலும்
அபி சொல்லலாம்.
தமிழில் அப்படி நிற்க இடமில்லை.
ஒவ்வொரு முறையும் அரைச் செக்கனுக்குள்
நான் யாரையாவது உள்ளே விடவேண்டும்,
அல்லது வெளியே நிறுத்தவேண்டும்.

காலை முழுக்க நாங்கள், நாங்கள், நாங்கள்.
பிழையில்லை. அப்படித்தான் பேசினார்கள்.

பகல் சோற்றுக்குப் பிறகு
(பார்சல் மாறி, மரக்கறிக்காரருக்கு மீன் போய்,
அது தனிக் கதை)
தமணயிலிருந்து வந்த குசுமலதா டீச்சர் எழும்பினார்.
அந்த வருடங்களில்
வாய்க்காலில் எது மிதந்து வந்தாலும்
பார்க்காதது மாதிரி இருக்க
அபி பழகிக்கொண்டோம், என்றார்.

என் வாயில் 'நாம்' என்று வந்துவிட்டது.

பின்வரிசையில் ஒரு காதுக்கருவி
கதிரையில் விழுந்த சத்தம்.
வட்டவிதானை சாமித்தம்பி எழும்பி நின்றார்.
"ஆரு நாம்?
பாத்தும் பாக்காம இருந்தது அவங்க.
எங்கள ஏன் புள்ள அதுக்குள்ள போடுறாய்?"

கேட்டது டீச்சரை அல்ல. என்னை.
பெட்டிக்குள் இருப்பவளிடம் எவரும் பேசுவதில்லை.
இரண்டு மொழியிலும் சொன்னேன்:
பிழை என்னுடையது.
இந்த முறை நான் என்றால் நான்.
பிறகு, தொழில் விதியை மீறி,
டீச்சரைக் கேட்டேன்:
உங்கள் அபிக்குள் யார் யார்?

மின்விசிறி. வெளியே கல்முனை பஸ்ஸின் ஹோர்ன்.
டீச்சர் ரணவீரவைப் பார்த்தார்.
ரணவீர மேசையைப் பார்த்தார்.
"எங்கட ஊர்க்காரரைத்தான் நினைச்சன்" என்றார்.
நாங்கள், என்று திருத்திச் சொன்னேன்.
ஒப்புக்கொள்வதற்கு அந்தச் சொல்தான் வேண்டும்.

சாமித்தம்பி உட்காரவில்லை.
நின்றபடி கதிரையின் முதுகைத் தேய்த்தார்,
கனநேரம்.
பிறகு மைக் இல்லாமல்,
பாதி எனக்கும் பாதி நிலத்துக்கும்:
"மேல இருந்து வந்தத அவங்க பாக்கல்ல.
நம்மட மதகால கீழ போனத..."

முடிக்கவில்லை.
ஆதம்பாவா ஹாஜியார் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்திருந்தார்.
நம்மட மதகு. ஆருடைய மதகு?
அபே, என்றேன் சிங்களத்தில்.
அந்த மொழி அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை.

எழுதி முடிந்தது ஒன்றரைப் பக்கம்.
சிங்களப் பிரதியில் டீச்சரின் வரி முழுதாக இருக்கிறது.
தமிழ்ப் பிரதியில் 'நா' என்று அடித்து
பக்கத்தில் ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்,
பிள்ளைகள் நிரப்பட்டும் என்று.

அதற்கு எத்தனை புள்ளி போடுவது என்று
பேரின்பநாயகி டீச்சர் கேட்டார்.
அடுத்த மாதம் பேசுவதாக இருக்கிறது.